விலை சொல்லாத இரண்டு நிமிடம்

அரபு அமீரகத்தின் புஜைரா கடைத்தெருவில் துணிக்கடை போட்ட இருபத்திரண்டு வருடத்தில் கார்மேகம் ஒரு நாள்கூட முதலில் விலை சொன்னதில்லை. சரக்கை விரித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார், வந்தவர் சொல்லட்டும். இன்று மாலை ஆறு மணிக்கு, வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், கல்லாமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டமன்றக் குழு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓடும் காரிலிருந்து சுடுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதா. குழு இன்று கைதூக்கினால்தான் அது சபைக்குப் போகும். போன வருடம் அந்த ஊரில் பஸ்ஸுக்கு நின்றிருந்த அவர் மகள் சங்கீதாவின் வலது கையில் பாய்ந்தது அப்படி ஒரு குண்டு. சுட்டவனுக்குப் பழைய சட்டத்தில் மூன்றே வருடம். பேச இவருக்குக் கிடைத்திருப்பது இரண்டு நிமிடம்.

"நாப்பது வருசம் கேளு மச்சான். இறங்கி இருபதுல நிப்பாங்க" என்றார் பக்கத்து அத்தர் கடை செய்கு அலாவுதீன்.

"இது என்ன ஒன் அத்தரா பாய், பாதிக்குப் பாதி இறக்க? மசோதாவே பதினஞ்சுதான்."

திரையின் இன்னொரு கட்டத்தில் சங்கீதா. அப்பாவின் தமிழை அவள்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வலது கை மேசைக்குக் கீழே. ஒரு வருடமாக எந்த வீடியோ காலிலும் அது மேலே வந்ததில்லை.

சுடுவது ஏற்கெனவே குற்றம்தானே, காரிலிருந்து என்றால் மட்டும் ஏன் கூடுதல் என்று கேட்டார் கண்ணாடி போட்ட உறுப்பினர்.

"ஐயா, என் கடையில சண்டை போடுறவனுக்கு என் மூஞ்சி தெரியும். கோவம் தணிஞ்சா மறுநாள் வந்து டீ குடிப்பான். இவனுக்கு என் மக யாருன்னே தெரியாது. கோவமே இல்லாதவன்கிட்ட எதைத் தணிக்கிறது? வண்டி நிக்கக்கூட இல்ல."

சங்கீதா ஒரு சொல் விடாமல் சொன்னாள். 'என் மக' என்ற இடத்தில் மட்டும் 'நான்' என்று மாற்றிக்கொண்டாள்.

"அப்படியானால், எத்தனை வருடம் சரி என்கிறீர்கள்?" என்றார் உறுப்பினர்.

அலாவுதீன் பத்து விரலையும் நான்கு தடவை விரித்துக் காட்டினார். கார்மேகம் கண்டுகொள்ளவில்லை. பதினைந்து என்றால் பத்துக்கு இழுப்பார்கள். நாற்பது என்றால் எழுந்தே போய்விடுவார்கள்.

"கைய மேல எடு தாயி."

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

"நாம எண்ணிக்கை சொல்ல வேணாம். அவங்க பாத்துட்டுச் சொல்லட்டும்."

கை மெதுவாக மேலே வந்தது. அவர் கேட்காமலே விரித்தாள். மூன்று விரல்கள் நிமிர்ந்தன. இரண்டு உள்ளங்கையை விட்டு எழவில்லை.

கார்மேகம் வாயை மூடிக்கொண்டார். வாசலில் யாரோ ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்து, "கம்?" என்று அரபியில் விலை கேட்டார். திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார். திரையில், அந்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, முன்னால் குனிந்தார்.