முன் சீட்டு

இரண்டாவது சொம்புப் பாலையும் செல்லமுத்து ஊற்றிவிட்டார். அப்போதும் சாம்பலுக்கு அடியில் எங்கேயோ சுர்ரென்று சத்தம் வந்தது.

"கால் பக்கத்துலருந்து எடுங்க மாமா," என்றான் அம்மாசி. செல்லமுத்துவின் செத்துப்போன மனைவி கண்ணகியின் தம்பி அவன். புது மண் பானையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். "காலு, முட்டி, இடுப்பு, கையி, அப்பறம் தலை. மாத்தி எடுக்கக் கூடாது."

செல்லமுத்து மாற்றி எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பாலில் அலம்பிப் பானைக்குள் போட்டார். பாதத்து எலும்புகள் மட்டும் சின்னச் சின்னதாக நிறைய இருந்தன. அவற்றை எடுக்க நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் பானையின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி அவரிடம் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கினார். பானை வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கையே போதுமென்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

"ஆத்துல கரைக்கிற கதை நடக்காது," என்றான் அம்மாசி, கை கழுவிக்கொண்டே. "சித்திரை வெயிலுக்கு மணலுதான் கெடக்குது. அணையிலயும் ஓரமெல்லாம் சேறு. போன வாரம் ஒருத்தரு கரைக்கிறேன்னு எறங்கிட்டு, முட்டி வரைக்கும் சேத்துல மாட்டிக்கினு, பானைய தூக்கிப் புடிச்சிக்கினே கூப்பாடு போட்டாராம். மலைக்குத்தான் போவணும். கரியாலூருக்கு இந்தாண்ட ஓடையில இன்னும் ஓடிக்கினு இருக்குதாம். வேன் சொல்லிட்டேன்."

சுடுகாட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே வருவதில்லை என்பதால் மகள் ராதிகா ரோட்டிலேயே நின்றிருந்தாள். உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கையில் பூவும் ஊதுபத்தியும் வைத்த பை.

"நீங்க நடு சீட்டுல உக்காந்துக்குங்க மாமா. பானைய மடியில வெச்சிக்குங்க," என்றான் அம்மாசி.

"நான் வண்டில எடுத்தாறேன்."

"எந்த வண்டில?"

செல்லமுத்து வேப்பமரத்தடியைப் பார்த்தார். அவருடைய வெள்ளை மாருதி எண்ணூறு அங்கே நின்றது. அதன் பானெட் முழுசாக மூடாது. ஒரு விரல் இடைவெளி விட்டு, கொக்கி போட்டுக் கட்டியிருக்கும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, எதையோ மோப்பம் பிடிப்பது மாதிரி நிற்கும்.

"அதுலயா?" என்றான் அம்மாசி.

செல்லமுத்துவும் கண்ணகியும் துணி வியாபாரம் செய்தவர்கள். கரும்பு போட்டுக் கட்டுப்படியாகாமல், இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சேலை, நைட்டி, லுங்கி என்று மூட்டை கட்டிக் கல்வராயன் மலை ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அதற்காகத்தான் பழைய மாருதியை வாங்கினார். சமதளத்தில் அது குறையில்லாமல் ஓடியது. மலையில் பலாமரத்து வளைவு என்று ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மூட்டையும் இரண்டு ஆளும் ஏறினால் அந்த இடத்தில் முனகி நின்றுவிடும். வண்டியின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு பாரத்துக்குச் செய்த வண்டி இல்லை அது.

அப்போதெல்லாம் கண்ணகி இறங்கிவிடுவாள். கையில் ஒரு கல்லை எடுத்துக்கொள்வாள். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதற்கு. அவள் இறங்கிய லேசில் வண்டி ஏறிவிடும். அவள் கல்லோடு பின்னால் நடந்து வருவாள். செல்லமுத்து வளைவுக்கு மேலே போய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சூட்டில் அணைத்தால் மறுபடி கிளம்பாது. கண்ணாடியில் முதலில் அவள் தலை தெரியும், பிறகு இடுப்பில் இடுக்கிய கல், பிறகு முழு ஆள்.

வெள்ளிமலை பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாண்ணே, நின்னுட்டுதா?" என்பார்.

"இல்ல, ஆளு வருது," என்பார் இவர்.

ஒரு ஆடி மாதத் தூறலில் கண்ணகி வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அந்த வாரமே செல்லமுத்து கள்ளக்குறிச்சி மெக்கானிக் வேடியப்பனிடம் போனார். உளுந்தூர்பேட்டைப் பக்கம் விபத்து வண்டிகளைப் போட்டு வைத்திருக்கும் இடத்தில் ஒரு பழைய எஸ்டீம் கிடந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி வந்தார்கள். எண்ணூறு இருந்த இடத்தில் ஆயிரத்து முந்நூறு சிசி. வேடியப்பன் குச்சியால் அளந்தான், அறுத்தான், புதுசாகப் பட்டை வைத்து வெல்டிங் அடித்தான், பெரிய ரேடியேட்டரைத் திணித்தான். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. பானெட் மட்டும் மூடவில்லை.

"எலி ஒடம்புல புலி நெஞ்ச வெச்சித் தெச்சிட்டேண்ணே," என்றான். "இனிமே அக்கா நடக்க வாணாம்."

அடுத்த நாள் மூட்டையோடு கண்ணகியையும் ஏற்றிக்கொண்டு போனார். பலாமரத்து வளைவை வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. கண்ணகி முன் சீட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தாள். கல்லைக்கூட எடுத்து மடியில் வைத்திருந்தாள், பழக்கத்தில்.

தப்பு இறங்கும்போது தெரிந்தது. மூட்டை விற்றுப்போய்ப் பின்பக்கம் காலி. பிரேக் மிதித்ததும் வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஓரக்கல்லில் இடிக்காமல் நின்றது அதிர்ஷ்டம்.

வேடியப்பன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "முன்னால வெயிட்டு ஜாஸ்தியாயிடுச்சி, பின்னால கம்மி. ஸ்பிரிங் மாத்தணும். சேலத்துலருந்து வரணும். அது வர்ற வரைக்கும் அக்காவ பின்னால உக்கார வையிண்ணே. சரியாப் பூடும்."

சரியாகத்தான் போனது. கண்ணகி பின்னால் உட்கார்ந்தால் வண்டி ஆடவில்லை. ஆடாத வண்டிக்கு ஸ்பிரிங் எதற்கென்று அது அப்படியே தள்ளிப்போனது. வேடியப்பனும் மறந்தான், செல்லமுத்துவும் மறந்தார்.

டீக்கடையில் கேலி செய்தார்கள். "இன்னா செல்லமுத்து, மொதலாளியம்மாவ எங்க கூட்டிக்கினு போற?" கண்ணகியும் முதலில் சேர்ந்துகொண்டாள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, "டிரைவரு, வண்டிய எடுப்பா," என்பாள். பிறகு எப்போதோ அந்த விளையாட்டை விட்டுவிட்டாள். செல்லமுத்து நடுக்கண்ணாடியை அவள் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். வீட்டு விஷயம், விலை விஷயம் எல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"எனக்கு உன் கண்ணு மட்டும்தான் தெரியுது," என்பாள். "மூக்கு வாயெல்லாம் வீட்ல வுட்டுட்டு வந்துட்டியா?"

பின் சீட்டில் வளைவுகள் அவளுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். "இன்னிக்கி ஒரு தபா முன்னால உக்காந்துக்கிறேனே," என்று எப்போதாவது கேட்பாள். "எறக்கம் ஆவட்டும்," என்பார் இவர். இறக்கம் முடிந்தால் வீடு வந்துவிடும்.

முந்தாநாள் விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பின் சீட்டில்தான் படுக்க வைத்தார். கள்ளக்குறிச்சி ரோட்டில் அந்த எஞ்சினை அன்றைக்குத்தான் முழுசாக மிதித்தார். கண்ணாடியில் அவள் முகம் இல்லை, படுத்திருந்தாள். "கண்ணகி," என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். வடக்கனந்தல் தாண்டும்வரை "ம்" என்றாள்.

அம்மாசி இப்போது குரலை இறக்கிப் பேசினான். "மாமா, சொன்னா கேளுங்க. கொள்ளி வெச்ச கையி தண்ணியப் பாக்குற வரைக்கும் பானைய வுடக் கூடாது. அத வுட்டுட்டு நீங்க ஸ்டீரிங்கப் புடிச்சா எப்டி? பின்னால யார்னா வெச்சிக்கினு உக்காந்தாலும் அது முறையில்ல."

"பின்னால இல்ல. முன்னால வெச்சிக்கிறேன். எம் பக்கத்துல."

அம்மாசிக்கு என்ன தோன்றியதோ, பட்டென்று சொல்லிவிட்டான். "இருந்த வரைக்கும் எங்கக்காவ மூட்ட மாதிரி பின்னால போட்டுக்கினு போனீங்க. இப்ப முன்னாலயா?"

வேனுக்குள் ஜன்னலோரம் இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அம்மாசி தன் செருப்பைப் பார்த்தான்.

செல்லமுத்து பானையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். 

ராதிகா வந்து காரின் பின் கதவைத் திறந்தாள். அப்பா சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை போல. முன் சீட்டின் முதுகில் இருக்கும் பையில் பூவை வைக்கப் போனவள் கையை வெளியே எடுத்தாள். மூன்று எலுமிச்சம்பழங்கள். இரண்டு கறுத்துச் சுருங்கிக் கல்லாகியிருந்தன. ஒன்று இன்னும் மஞ்சளாக இருந்தது.

"அங்க இல்லம்மா," என்றார் செல்லமுத்து.

அவள் அவரைப் பார்த்தாள். பழங்களை இருந்த இடத்திலேயே வைத்தாள். பின் கதவைச் சாத்தினாள். சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த துணிக்கடை விளம்பரப் பைகளையெல்லாம் எடுத்துக் கீழே போட்டு, தன் துப்பட்டாவால் சீட்டைத் துடைத்தாள்.

"மாமா," என்றாள் அம்மாசியிடம். "கையி படாம இருக்கக் கூடாது, அவ்ளோதான? அப்பா ஒரு கையால தொட்டுக்கினே ஓட்டட்டும்."

"கியரு யாரு போடுவா?"

"போட்டுட்டு திரும்ப கைய வெச்சிக்குவாரு."

அம்மாசி வானத்தைப் பார்த்து மூச்சு விட்டான். "போங்க. மெதுவாப் போங்க. கைய மட்டும் ரொம்ப நேரம் எடுத்துடாதீங்க மாமா." பிறகு தன் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துச் சும்மாடு மாதிரி சுற்றி முன் சீட்டில் வைத்தான், பானை உருளாமல் இருப்பதற்கு. ராதிகா பானையை அதில் உட்கார வைக்கச் சொல்லி, சீட் பெல்ட்டை இழுத்து அதன் வயிற்றைச் சுற்றி மாட்டினாள். அந்தப் பெல்ட் வெளியே வர அடம்பிடித்தது. அதை யாரும் இழுத்தே வெகுநாளாகியிருந்தது.

"நானும் வரட்டுமாப்பா? பின்னால உக்காந்துக்கிறேன்."

"வாணாம்மா. நீ வேன்ல வா."

வேன் முன்னால் போய்விட்டது.

செல்லமுத்து கிளப்பினார். முதல் கியர் போட்டார், கையைப் பானையின் மேல் வைத்தார். இரண்டாவது போட்டார், வைத்தார். ஒவ்வொரு தடவையும் கையை எடுக்கும்போது, "இரு," என்றார். சமதளம் முடிகிற வரை அப்படியே போனது. காலி வயல்கள், வெட்டாமல் விட்ட ஒரு கரும்புக் கொல்லை, பிறகு அடிவாரச் சோதனைச் சாவடி. சாவடிக்காரருக்கு அவரைத் தெரியும். மூட்டைகளைத் தேடிப் பின் சீட்டைப் பார்த்தார், பிறகு முன் சீட்டைப் பார்த்தார், எழுந்து நின்று தடுப்பைத் தூக்கினார்.

மலை ஏறத் தொடங்கியதும் இரண்டாவது கியரில் போட்டார். அதற்குப் பிறகு கியரைத் தொட வேண்டியிருக்கவில்லை. முதல் வளைவு, அடுத்தது, அதற்கடுத்தது. எஞ்சின் எதையும் கேட்காமல் இழுத்துக்கொண்டு போனது. வலது கையாலேயே திருப்பினார். இடது கை பானையின் கழுத்தில் கட்டிய துணியின் மேல் அசையாமல் இருந்தது.

பழைய எஞ்சினாக இருந்தால் இந்தக் கைக்கு வேலை ஓய்ந்திருக்காது. இதை மாற்றிய பிறகு எத்தனையோ தடவை இந்த ரோட்டில் ஏறியாகிவிட்டது. அப்போதும் இந்தக் கை சும்மாதான் கியர் குமிழின் மேல் கிடந்திருக்கிறது. ஏறும்போது மூட்டையே பின்னால் பாரமாக இருந்திருக்கிறது, பக்கத்து சீட்டில் பை கிடந்திருக்கிறது.

அவர் விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டார். பானையின் சூடு குறைந்திருந்தது.

பலாமரத்து வளைவு வந்தது. வண்டி ஏறியது. வளைவு முடிந்து மேலே, ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில், செல்லமுத்துவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றது. ஹேண்ட் பிரேக் போட இடது கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். எஞ்சினை அணைக்கவில்லை.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அதை யாரும் திருப்பவில்லை, அவர் வைத்த மாதிரியே இருந்தது. அதில் பின் சீட்டின் முதுகும், அதற்கு மேலே பின்பக்கக் கண்ணாடியும், அதற்கப்பால் வளைந்து கீழே இறங்கும் ரோடும் தெரிந்தன. எஞ்சின் மாற்றிய பிறகு இத்தனை வருஷம் நடுவில் அவள் தலை இருந்ததால் அந்த ரோடு தெரிந்ததில்லை.

வெள்ளிமலை பஸ் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. இவரைப் பார்த்து வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி தலையை நீட்டினார். புதுசாக வந்த ஆள்.

"இன்னாண்ணே, நின்னுட்டுதா?"

செல்லமுத்து வலது கையை வெளியே நீட்டி, போகலாம் என்று காட்டினார்.

பஸ் போய்விட்டது. அது கிளப்பிய புழுதி வண்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று, மெல்லப் படிந்தது. ரோடு மறுபடி கண்ணாடியில் துலங்கியது, வளைவு வரைக்கும். எஞ்சின் ஒரு சிரமமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.