இடது கண்ணின் படம்

2007 மார்ச் 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், கொழும்பில் ஒரு கண் மருத்துவமனையில், கொடகவெலப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் செல்லையாவின் கண்கள் முப்பத்தாறு தடவை படம் பிடிக்கப்பட்டன. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சீனி வியாதி வந்து பதினோரு வருடம்.

ஜனவரியிலிருந்தே அவர் வெட்டும் மரங்களில் காயம் விழுந்துகொண்டிருந்தது. கத்தி பட்டையோடு நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். கங்காணி இரண்டு தடவை மரத்தடியிலேயே நிறுத்தித் திட்டினார். மூன்றாம் தடவை திட்டவில்லை. "கண்ணக் காட்டுங்கண்ணே. இல்லாட்டி தொரை உங்கள வெட்டுலருந்து எடுத்துருவாரு" என்றார்.

படம் பிடித்தவள் றமீலா என்ற இளம்பெண். கை நரம்பில் மஞ்சள் மருந்தை ஏற்றி, அது கண்ணுக்குள் ஓடும்போது படம் எடுக்கிற வேலை. வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. முடிந்ததும் டொக்டர் படங்களைப் பார்த்துச் சொன்னதை, றமீலா திரையில் காட்டித் தமிழில் சொன்னாள். இடது கண்ணில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி வெள்ளையாகக் கசிந்து பரவியிருந்தது. வலது கண்ணின் நடுவில் கறுப்புத் திட்டு.

"இடதுல ரத்தக் குழாய் கசியுது. அத லேசரால அடைக்கலாம், கேக்கும். வலதுல குழாயே மூடிப் போச்சு. லேசர் வச்சாலும் பிரயோசனமில்ல."

செல்லையா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு பால் ஒழுகுற மரம். ஒண்ணு பட்டை காஞ்ச மரம். அப்படித்தானுங்களே?"

றமீலா ரப்பர் மரத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. "அப்படித்தான்னு வச்சுக்குங்க. அடுத்த செவ்வாய் லேசர். தள்ளிப் போனா இடதும் மூடிக்கும். சீனிய ஏத்திக்கிட்டு வராதீங்க. இன்னொண்ணு, ஒடம்பும் மூத்திரமும் நாளைக்கு வரைக்கும் மஞ்சளா இருக்கும். பயப்படாதீங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவி தங்கம்மாவிடம் இரண்டு கண்களைப் பற்றியும் சொன்னார். கடைசி விஷயத்தைச் சொல்லவில்லை. மகள் வயதுப் பெண் மூத்திரத்தைப் பற்றித் தன்னிடம் பேசியது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பொழுது சாயும் நேரம் தோட்டத்தில் வரிசை வீடுகள் உள்ள தங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டு நடராஜா வாசலில் நின்றிருந்தான்.

"என்னண்ணே, கண்ணு காட்டப் போனீங்களா, நலுங்கு வைக்கப் போனீங்களா? மூஞ்சி பூரா மஞ்சள்!"

தங்கம்மா சிரிக்கவில்லை. செல்லையாவை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். டிசம்பரில் அதே லயத்தில் இருவருக்குக் காமாலை வந்து ஒருவர் இறந்திருந்தார்.

"ஊசி போட்டாங்க. அதுதான்" என்றார் செல்லையா.

"எந்த ஊசிக்குங்க ஆளு மஞ்சளாவாங்க? அப்படின்னா அங்கயே சொல்லியிருப்பீங்களே!"

கக்கூசுக்குப் போய்வந்தபோது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மஞ்சள் என்றுதான் றமீலா சொன்னாள், ஆனால் இவ்வளவு மஞ்சளா?

தோட்டத்தில் காமாலை என்றால் கீழாநெல்லி, கூடவே குளுக்கோஸ். "சீனிக்காரருக்குக் குளுக்கோஸா, அக்கா?" என்று நடராஜாவே கேட்டான். "சீனிய அப்புறம் பாக்கலாம். காமாலை நாலு நாள்ல ஆளக் கொண்டு போயிரும்" என்றாள் தங்கம்மா. குளுக்கோஸ் பக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்தாள்.

புதன்கிழமை மாலை மஞ்சள் போய்விட்டது.

"பாத்தீங்களா, ஒரே நாள்ல கேட்டிருச்சு!" என்றான் நடராஜா. கேட்ட மருந்தை நிறுத்தக் கூடாது என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். றமீலா சொன்னதுதான் சரி என்று செல்லையாவுக்கு அப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் தங்கம்மா மூன்று நாள் வேலைக்குப் பேர் போடாமல் வீட்டில் நின்று, காலையும் மாலையும் டம்ளரை நீட்டினாள். முதல் நாளே சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது? வாங்கிக் குடித்தார். திங்கட்கிழமைக்குள் ஐந்து பக்கெட் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் சோதித்தபோது சீனி நானூற்று முப்பத்தெட்டு. டொக்டர் லேசர் வைக்க மறுத்து, உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார்.

"என்னதான் குடிச்சீங்க?" என்று றமீலா கேட்டாள். தங்கம்மாவை வைத்துக்கொண்டே செல்லையா எல்லாவற்றையும் சொன்னார்.

"இந்தப் புள்ள சொல்லிச்சா? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்பட்டா கண்ணு வருமா?" என்றாள் தங்கம்மா. "அஞ்சு பக்கெட்டு. என் கையாலயே கரைச்சுக் குடுத்தேனே."

சீனி இறங்க நாளானது. ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடி படம் எடுத்தார்கள். இடது கண்ணில் கசிவு நடுவை நெருங்கியிருந்தது. அதன் ஓரத்தில் சிறு கறுப்பு தெரிந்தது. மிஞ்சியதைத்தான் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொன்னார். அன்றே லேசர் வைத்தார்கள்.

ஜூலையில் செல்லையா இடது கண்ணால் எழுத்துப் பலகையில் நான்காவது வரி வரை வாசித்தார். மார்ச்சில் ஆறாவது வரி வரை வாசித்திருந்தார். வலது கண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆகஸ்டில் அவர் வெட்டிய மரங்களை நடராஜாவுக்குக் கொடுத்தார்கள். செல்லையாவுக்கு ரப்பர் ஸ்டோரில் ஷீட் கழுவும் வேலை கிடைத்தது.