பச்ச மூடி

பெண் பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்ன பெண், சிகந்தராபாத்திலேயே ஜலஜா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஜலஜாவுக்கு வேறு வழியில்லை. மாப்பிள்ளை தியாகுவுக்கு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்தாயிற்று. கல்யாணம் ஆனால் ஊரின் அந்தக் கோடிக்குப் போய், ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். எதை விடச் சொல்கிறார்களோ அதை அவன் கண்ணால் பார்க்கட்டும் என்று தார்நாக்காவில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கே வரவழைத்தாள்.

அவள் செய்வது கண்ணாடி. உருகிய கண்ணாடிக் குழம்பில் யூரோப்பியம் என்ற அபூர்வ உலோகத்தின் உப்பைச் சிட்டிகை சேர்த்து வார்த்தால், பகலில் அது வெறும் ஜன்னல் கண்ணாடிதான். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் குங்குமச் சிவப்பாக ஒளிரும். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டாள்.

கண்ணாடி பச்சையாக ஒளிர்ந்தது.

பச்சையும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான் தியாகு, மரியாதைக்கு.

அது அவள் காதில் விழவே இல்லை. யூரோப்பியம் தலைகீழாக நின்றாலும் இந்தப் பச்சையைத் தராது. இது டெர்பியம் என்ற இன்னொரு அபூர்வ உலோகத்தின் வேலை. அலமாரிக்கு ஓடினாள். யூரோப்பியம் பச்சை மூடிப் புட்டியில், டெர்பியம் மஞ்சள் மூடியில், இரண்டுமே வெள்ளைப் பொடி. முந்தின நாள் அவசரத்தில் உதவியாளர் யாதகிரியிடம் ‘பச்ச மூடி’ என்று சொல்லி, அவர் நிறுத்துக் கொடுத்ததை அப்படியே கொட்டியிருந்தாள். தெலுங்கில் மஞ்சளும் பச்சதான். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் குப்பை கொட்டுகிறவளுக்கு இது தெரியாதா என்ன? வாய் தெலுங்கு பேசியது, மனசு தமிழில் நினைத்துக்கொண்டிருந்தது.

தன்னையே திட்டிக்கொண்டு சரியான பொடியை நிறுத்தாள், உலையை மூட்டினாள். திரும்பியபோதுதான், காபி ஆறிப்போய்க் கையில் இருக்க, தியாகு நிற்பதைப் பார்த்தாள். வந்தவனை மறந்தே போயிருந்தாள்.

“சிவப்பா வந்தப்புறம் பதவிசா சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள். “இதை விட்டுட்டு என்னால வர முடியாது.”

தியாகு உலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அப்ப குவார்ட்டர்ஸ் வேண்டாம்னு சொல்லிடறேன். இந்தப் பக்கத்துலேருந்து எங்க கம்பெனி பஸ் காலைல எத்தனை மணிக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”