விரிப்பின் மறுமுனை

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வயதில் சின்னவர்கள் ரேடியோக்கா என்பார்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மடிப்பு மேசைக்கு வந்தால் வாய் திறக்கும். சாப்பாட்டு மணி அடித்தால்தான் மூடும், அதுவும் மெல்லுவதற்காக.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் கூடம் அது. கீழே அழுக்கு அறை, மேலே மடிப்பு அறை. கீழே ரத்தமும் மருந்தும் பட்ட துணிகளைப் பிரித்துப் போடவேண்டும். பிளீச் நெடி கண்ணைக் கரிக்கும். மேலே காய்ந்த துணியின் சூடும் ஜன்னல் காற்றும். மேலே இருக்க வேண்டும் என்று ரேடியோ ஆசைப்பட்டது சொகுசுக்காக அல்ல. அவளுக்கு வீசிங். ஒருமுறை ஆள் பற்றவில்லை என்று கீழே போனவளை, மதியத்துக்குள் கைத்தாங்கலாகத் தூக்கிவந்து ஜன்னலோரம் உட்காரவைக்கும்படி ஆயிற்று. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மேலே இருக்க வேண்டுமானால் ஜோடி வேண்டும். ஆஸ்பத்திரி விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்துவந்து மூலையோடு மூலை சேர்க்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அசைந்தால்தான் மடிப்பு நேராக விழும். அதற்கு அந்த அறையில் ஒரு வழி இருந்தது. ஒரு முனையில் இருப்பவள் கதை சொல்வாள். மறுமுனையில் இருப்பவள் ‘ம்’ கொட்டுவாள். ‘ம்’ விழுந்ததும் இருவரும் ஒரு எட்டு. கதை ஓட ஓட விரிப்பும் ஓடும். யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது, எல்லா மேசையிலும் அப்படித்தான்.

ரேடியோவின் ஜோடி, மகளின் பிரசவம் பார்க்கப் போனவள், பேரன் முகத்தைப் பார்த்ததும் வேலையை மறந்து அங்கேயே தங்கிவிட்டாள். அந்த இடத்துக்கு வந்தவள்தான் புதியவள். கடல் தாண்டி வந்தவள், வேறு பாஷைக்காரி. முன்பு வேலை பார்த்த இடத்தில் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தாள். கேட்டால் புரியும், பேசத்தான் திணறுவாள்.

ரேடியோ முதல் நாளே கதையை எடுத்துவிட்டாள். ஒரு திருடன் ஓட்டைப் பிரித்து ஒரு வீட்டுக்குள் இறங்குகிறான். இறங்கினால், தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. அம்மாக்காரி அசந்து தூங்குகிறாள். பிள்ளை ஊரைக் கூட்டிவிடுமே என்று பயந்து திருடன் தொட்டிலை ஆட்டத் தொடங்குகிறான்.

கதையில் ஒரு குறையும் இல்லை. மறுமுனையில்தான் ‘ம்’ இல்லை. புதியவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ரேடியோ கொஞ்சம் நிறுத்தும்போதெல்லாம் விரிப்பைச் சுண்டி இழுத்தாள். திருடன் ஓட்டில் கால் வைத்தான், ஒரு இழுப்பு. பிள்ளை அழுதது, இன்னொரு இழுப்பு. ரேடியோவின் விரலிலிருந்து மூலை நழுவி விரிப்பு தரையில் விழுந்தது. தரையில் விழுந்தால் திரும்பவும் வெளுக்கவேண்டும்.

“ஏம்மா, உனக்குக் கை சும்மா இருக்காதா? வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குற! வேலை புடிக்கலன்னா வாயால சொல்லு. எம்மேல ஏன் காட்டுற?”

புதியவளின் முகம் சுருங்கிவிட்டது. அதன்பிறகு அவள் இழுக்கவில்லை. ‘ம்’மும் இல்லை, இழுப்பும் இல்லை.

பக்கத்து மேசை இஸ்திரிக்காரர் சிரித்தார். “ரேடியோ, உனக்குச் சரியான ஆளத்தான் குடுத்திருக்காங்க. கல்லு!”

“கல்லுகிட்ட சொன்னாலும் காத்துல திரும்பி வரும்ணே. இவ எல்லாத்தையும் முழுங்கிடுறா. ஏப்பம்கூட விடமாட்டேங்குறா.”

அறை முழுக்கச் சிரிப்பு. புதியவளுக்கு ‘கல்லு’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அம்மாக்காரி கண் விழித்துத் திருடனைப் பார்க்கிற இடத்தில் ரேடியோ கதையை நிறுத்திவிட்டாள். கேட்காதவளுக்கு எதற்குக் கதை?

கதை நின்றதும் வேலையும் கெட்டது. ஒருத்தி நடக்கும்போது ஒருத்தி நின்றாள். மூலைகள் சேரவில்லை. மற்ற மேசைகளில் மடித்த விரிப்புகள் இடுப்பளவு ஏறியபோது இவர்கள் மேசையில் முழங்கால்கூட எட்டவில்லை. சூப்பர்வைசரம்மா வந்து பார்த்தாள், இரண்டு விரிப்பைப் பிரித்துப் பார்த்தாள்.

“சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்க்கா. சேரலன்னா மேசையக் கலைச்சிடுவேன். அந்தப் பொண்ணு கிழிசல் தைக்கப் போகட்டும். நீங்க கீழ போங்க.”

“அம்மா, எனக்கு மூச்சு...”

“தெரியும்க்கா. வேற எங்க வைக்கிறது, நீங்களே சொல்லுங்க?”

தையலுக்குப் போகலாமென்றால் ரேடியோவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண்ணும் இல்லை.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் கொட்டினாள். லாரி ஓட்டிய காலத்து இன்ஜின் சத்தம் அவருடைய ஒரு காதைத் தின்றுவிட்டது. மறு காதும் பாதிதான்.

“கீழ போட்டுருவாங்களாம்ங்க!”

“கீழதான் கிடக்கும், நல்லாத் தேடிப் பாரு,” என்றார் அவர்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தொண்டையே அடைத்துக்கொண்டது. நெஞ்சில் கோழை, வாயைத் திறந்தால் வெறும் காற்று.

“அடடா, ஸ்டேஷனே கிடைக்கலையே,” என்றார் இஸ்திரிக்காரர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இருவரும் பேசாமல் மடித்தார்கள். வழக்கம்போல் கோணலாக விழுந்தது. மூலை சேர்க்க எதிரே நடந்துவந்த புதியவள், மூலையைக் கொடுக்காமல் நின்றாள். உதடு எதையோ தேடியது.

“அக்கா... திருடன். தொட்டில் ஆட்டுறான். அம்மா கண்ணு தொறக்குறா. அப்புறம்? அப்புறம் என்ன, அக்கா?”

ரேடியோ அப்படியே நின்றுவிட்டாள்.

“நீ கேட்டியா?” காற்றாக வந்தது குரல்.

“எல்லாம் கேட்டேன். ஓடு. பூனை. பிள்ளைக்குக் கன்னத்துல மச்சம்.” மச்சம் தான் சொன்னதே ரேடியோவுக்கு மறந்துபோயிருந்தது.

“அப்ப ஏண்டி கல்லு மாதிரி நின்ன? ஒரு ‘ம்’ சொன்னா என்ன?”

புதியவள் கையிலிருந்த விரிப்பை மெதுவாக ஒரு சுண்டு சுண்டினாள். “இது.” மறுபடி சுண்டினாள். “இதுதான் ‘ம்’.”

பிறகு கையும் வாயுமாகச் சொன்னாள். “எங்க பக்கம் கயிறு திரிப்போம். எங்கம்மா அங்க, தூரம். நான் இங்க. நடுவுல கயிறு. கடல் காத்து. அவ சொல்ற கதை காத்துல எனக்கு வரும். நான் சொல்றது அவளுக்குப் போகாது. அதனால இழுப்பேன். இழுத்தா, சொல்லு. இழுக்கலன்னா, கதை வேணாம், நிறுத்து.”

ரேடியோவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திருடன் ஓட்டில் கால் வைத்தபோது ஒன்று. பிள்ளை அழுதபோது ஒன்று. அத்தனையும் ‘ம்’.

“நான் இழுக்காதன்னு சொன்னேனே...”

“ஆமா.” புதியவள் தரையைப் பார்த்தாள். “கதை எனக்கு இல்லன்னு நினைச்சேன்.”

இஸ்திரிக்காரரின் பெட்டியிலிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது. அவர் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார்.

ரேடியோ தன் முனையை இரண்டு விரலுக்குப் பதிலாக முழுக் கையால் சுருட்டிப் பிடித்தாள், எவ்வளவு இழுத்தாலும் நழுவாதபடி. பிறகு கரகரத்த காற்றில் தொடங்கினாள்.

“அம்மாக்காரி கண்ணத் தொறந்து பாத்தா...”

இழுப்பு. ஒரு எட்டு.

“இடுப்புல கத்தி, கையில தொட்டில் கயிறு...”

இழுப்பு. ஒரு எட்டு. மூலையோடு மூலை முத்தமிட்டதுபோல் சேர்ந்தது.

குரல் எட்டாததால் பக்கத்து மேசைக்காரிகள் மடித்துக்கொண்டே நெருங்கி வந்தார்கள். ரேடியோ தொடர்ந்தாள். “பிள்ளை பொறந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் அந்த வீடு அமைதியா இருந்துச்சு. அவ திரும்பக் கண்ண மூடிக்கிட்டா. மூடிக்கிட்டே சொன்னா, ‘போறப்போ கதவச் சாத்திட்டுப் போப்பா. நாளைக்கும் வா.’”

எல்லோருக்கும் முன்னால் சிரித்தது புதியவள்தான். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை, பித்தளைப் பாத்திரம் உருண்டதுபோல.

“எங்க பக்கம்,” என்றாள் மூச்சு வாங்க, “திருடன் இல்ல, திருடி. தொட்டில் இல்ல, படகு.”

“சொல்லு, சொல்லு,” என்றார்கள். அவள் பாதி தமிழிலும் பாதி தன் பாஷையிலும் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் தன் பாஷையையே ஓடவிட்டாள். புரியாத இடத்திலும் யாரோ விரிப்பைச் சுண்டினார்கள். இன்னொரு மேசையிலும் சுண்டினார்கள். இஸ்திரிக்காரர் ஜோடி இல்லாத ஆள், டாக்டர் ஒருவரின் கால்சட்டையின் காலைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணே, கிழிஞ்சிடப்போகுது!”

“கதை கேக்குறவன் காலை வாரக்கூடாது தாயே,” என்றார்.

சனிக்கிழமை சூப்பர்வைசரம்மா வந்தபோது அந்த மேசையின் அடுக்கு இடுப்பைத் தாண்டியிருந்தது. இரண்டு விரிப்பைப் பிரித்துப் பார்த்தாள். மூன்றாவதைப் பிரிக்கவில்லை.

“என்னக்கா செஞ்சீங்க?”

“நான் ஒண்ணும் செய்யலம்மா. இவதான் இழுத்துப் புடிச்சு என்னை இங்க வச்சிருக்கா.”

சூப்பர்வைசரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சரி, ரெண்டு பேரும் இங்கயே இருங்க,” என்று போய்விட்டாள். ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டாள். அந்தக் காற்றுக்கு அவள் யாருக்காவது கும்பிடு போடவேண்டுமென்றால், அந்த ஆள் எதிரே மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ‘கல்லு’ என்று அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. ‘கயிறு’ என்றார்கள். கயிறு திரிப்பது தன் அம்மா செய்த வேலை என்பதால் அவளுக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில், கொடியில் காய்ந்த போர்வையின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, படகுத் திருடியின் கதையை ஆரம்பித்தாள். அவள் நிறுத்திய இடத்தில் போர்வை சுண்டியது. அடுத்த இடத்திலும் சுண்டியது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு ‘ம்’ கிடைக்கிறது! கண் நிறைந்துவிட்டது.

“ஏங்க, கதை கேக்குதா உங்களுக்கு?” என்று உரக்கக் கேட்டாள்.

“எங்க கேக்குது?” என்றார் அவர். “உன் வாய் நின்னுடுச்சே, மேல சொல்லட்டும்னுதான் இழுத்தேன்.”