அண்ணனுக்கு இரண்டு கம்பிகள்

அந்தப் பல் டாக்டருக்குக் கூடப்பிறந்த அண்ணன் யாரும் கிடையாது. ஒரு கார்தான் அண்ணன். அவர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் அவருடைய அப்பா வாங்கிய கரும்பச்சை வண்டி. வயதில் மூத்ததாயிற்றே, அதனால் அண்ணன். அண்ணனுக்கு வெயில் ஆகாது, அண்ணனுக்கு ஆயில் மாற்றணும் என்று எப்போதும் அதே பேச்சு. கேட்கிறவர்களுக்குக் காது புளித்துப்போகும்.

அண்ணனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நேர்ச் சாலையில் பரம சாது. வளைவு வந்தால் போதும், மொத்த உடம்பையும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். மகள் வீடோ மலைக்கு அந்தப் பக்கம். ஏறும்போது பதினொரு வளைவு, இறங்கும்போது பதினொரு வளைவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாவது வளைவில் வண்டி சாய்ந்த வேகத்தில் டாக்டரின் மனைவி கதவோடு போய் ஒட்டிக்கொண்டாள். "வயித்தைப் புரட்டுது. இனிமே இந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்" என்றாள். வைக்கவில்லை. கணக்கு டீச்சர் அவள்; சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். மாதம் ஒரு ஞாயிறு மகளைப் பார்க்கப் போவார்கள். டீச்சர் பஸ்ஸில், டாக்டர் அண்ணனில். ஒரே ரோடு, ஒரே நேரம். பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவார் மனிதர். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக டீச்சரின் கொண்டை தெரியும். பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கோ பக்கத்து சீட்டு காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காது. அதை மனைவியிடம் சொல்லலாம் இல்லையா? மாட்டார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்கிறவர், தன் வாயை மட்டும் திறக்க மாட்டார்.

கடைசியில் டீச்சரே கெடு வைத்தாள். பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் ரொம்ப நாளாக வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனுக்கு ஒரு கடைசி சான்ஸ். இந்த மாசம் நான் கார்லயே வர்றேன். வயித்தைப் புரட்டுச்சுன்னா மறுநாளே அவர் வந்து வண்டியை ஓட்டிட்டுப் போகட்டும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் டாக்டர்.

விசாரித்ததில் வழி கிடைத்தது. ஸ்வே பார் என்று ஒரு தடித்த இரும்புக் கம்பி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. வண்டிக்கு அடியில் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்துப் பூட்டிவிட்டால், ஒரு பக்கம் அமுங்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டு அந்தச் சாய்வைத் தடுக்கும். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் டீச்சரின் தம்பியிடம் கொடுத்திருந்தால் ஒரு பொழுதில் வேலை முடிந்திருக்கும். 'ஸ்பேனர்' என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். ஆனால் மச்சானிடம் போய் நிற்பதாவது! கௌரவம் என்ன ஆவது? வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டையில் நிறுத்தி, கிளினிக்கில் நெற்றியில் மாட்டுகிற விளக்கை மாட்டிக்கொண்டு டாக்டரே அடியில் புகுந்தார். இரண்டு நாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு நட்டுகளை இறுக்கினார்.

சனிக்கிழமை வண்டியைக் கீழே இறக்கினால், நின்ற இடத்திலேயே அண்ணன் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்! சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் 'டடக் டடக்' என்று சத்தம். விடிந்தால் ஞாயிறு. கௌரவமாவது ஒன்றாவது என்று ஸ்பேனர் வீட்டு ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

ஸ்பேனர் வண்டியை ஷெட்டில் வெட்டியிருந்த குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கிப் பார்த்தான். குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அத்தான், சக்கரம் அந்தரத்துல ஏத்த இறக்கமா தொங்கும்போதே இறுக்கிட்டீங்களா?"

"பின்ன? தூக்காம நான் எப்படி அடியில போறது?"

"மாட்டறதுக்குத் தூக்கலாம். கடைசி முறுக்கு, வண்டி தன் கனத்தோட தரையில நிக்கும்போதுதான் குடுக்கணும். இப்ப பாருங்க, சும்மா நிக்கும்போதே கம்பி முறுக்கிக்கிட்டு நிக்குது."

"சரிப்பா, நீயே இறுக்கிடு."

"இப்பவும் ஆகாது. யாரு உக்காந்து போறாங்களோ, அவங்க கனமும் மேல இருந்தா ரெண்டு பக்கமும் சமமா வரும். அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"அவளையா? ஒரு மணல் மூட்டையை வெச்சுக்கக் கூடாதா?"

"தாராளமா வெச்சுக்கலாம். அக்கா சீட்டுல மூட்டையை வெச்சோம்னு அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் போய் டீச்சரையே கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து அவள் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் அசையாதீங்க" என்று கீழிருந்து ஆணை வந்தது. முன்கண்ணாடிக்கு எதிரே ஷெட்டின் சுவரும், அதில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்களும்தான். எவ்வளவு நேரம் அதையே பார்ப்பது?

"அன்னிக்கு ரொம்பப் புரட்டிச்சா?" என்றார் டாக்டர்.

"வயிறு பஸ்லயும்தான் புரட்டுது."

"அப்புறம் ஏன்...?"

டீச்சர் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "கதவு திறந்துக்கும்னு நெனச்சேன். கீழ பார்த்தா பாதாளம். எனக்கு உசிரே போயிடுச்சு. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்க சிரிச்சிட்டு இருந்தீங்க. 'அண்ணன் ஆடறான் பாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க."

குழிக்குள் சத்தம் நின்றுவிட்டது. டாக்டருக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. சிரித்தது உண்மைதான்.

"இத்தனை நாளா வயிறுன்னுதானே சொன்னே?"

"பயமா இருந்துச்சுன்னா அதுக்கும் சிரிப்பீங்களே."

சுருக்கென்றது அவருக்கு. "தப்புதான்மா" என்றார். அதோடு நிற்கவில்லை. "பஸ்ஸுக்குப் பின்னாடி உன் கொண்டையைப் பார்த்துக்கிட்டே ஓட்டும்போது எனக்கு அழுகையா வரும். நீ இல்லாம இந்த வண்டி எனக்கு எதுக்கு?"

டீச்சர் முந்தானையைத் தேடிக் குனிந்தாள்.

"அக்கா, அழறதுன்னா நிமிர்ந்து உக்காந்து அழு. கனம் மாறுது!" என்றான் ஸ்பேனர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலை ஏறினார்கள். டீச்சர் கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. சத்தம் இல்லை, டடக் இல்லை. ஏழாவது வளைவு வந்தது. அவள் பழத்தை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் வேகத்தைக் குறைத்துத் திருப்பினார். வண்டி கொஞ்சம்போல் தோளைச் சாய்த்து, அப்படியே நிமிர்ந்துகொண்டது. அவர் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, "பயமா இருக்கா?" என்றார்.

"ரோட்டைப் பாருங்க!"

உச்சிக்கு வந்ததும், "நிறுத்துங்க" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கு அண்ணன் போயாச்சு! டீச்சர் இறங்கினாள். வாந்தி எடுக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"அந்தக் கார் கேக்கற ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. இப்ப தள்ளி உக்காருங்க, நான் ஓட்டறேன்."

மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகளுடைய காரை ஓட்டுகிறவள்தான். ஆனால் அண்ணனை டாக்டர் யாரிடமும் கொடுத்ததே இல்லை.

"மச்சான் உன் கனத்தை அந்தப் பக்கம் வெச்சு இறுக்கியிருக்கானே" என்று இழுத்தார்.

"நமக்குள்ள கனத்துல ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல. தள்ளுங்க."

தள்ளிக்கொண்டார். வேறு வழி? இறக்கத்தில் முதல் வளைவு வந்தது. இந்தப் பக்க சீட்டிலிருந்து பார்த்தால் பள்ளம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். கை கதவைப் பிடித்துக்கொண்டது.

டீச்சர் ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பயமா இருந்தா சொல்லுங்க."

டாக்டர் வாயைத் திறந்தார்.

"இருக்கு" என்றார்.