அகத்தாவின் ஆறு மிஷின்

அகத்தா வீட்டுக்குக் கீழே, கோழி அடைகிற இடத்தில், பதினேழு செயின்சாக்கள் இருந்தன. பதினேழும் ஒரு காலத்தில் செத்துப்போனவை. பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கச் சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து தோட்டத்துக்கு வருகிற ஆட்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. மிஷின் மக்கர் பண்ணினால் இரண்டு உதை உதைப்பார்கள், நாலு கெட்ட வார்த்தை சொல்வார்கள், அடிமரத்துக்குப் பின்னால் வீசிவிட்டுப் புதுசு வாங்கப் போய்விடுவார்கள். அகத்தா ஒரு கோழியைக் கொடுத்து அதைத் தூக்கி வருவாள். கோழி உயிரோடு போகும், மிஷின் உயிரில்லாமல் வரும். நல்ல வியாபாரம் என்று, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சிரித்தது.

சிரித்தவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. முதல் மிஷினை எழுபத்து நாலாம் வருஷம் பிரித்தாள். பாயை விரித்து, பால் பிடிக்கிற மங்குகளை வரிசையாக வைத்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் கழற்றின வரிசையிலேயே ஒவ்வொரு மங்கில் போட்டாள். திரும்ப மாட்டியபோது இரண்டு மங்கில் சாமான் மீந்துவிட்டது. மறுபடி பிரித்தாள். மூன்றாவது தடவை எல்லா மங்கும் காலி. கயிற்றை இழுத்தாள், மிஷின் உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டு நாய் அன்றைக்கு முழுக்க வீட்டுக்கு வரவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்பு வரைக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், காலையில் மரம் சீவுகிறவள், அவ்வளவுதான். ஒரு சாமான் செத்துவிட்டது என்று அடுத்தவன் சொன்னால் அதை அப்படியே நம்புகிற குணம் மட்டும் அவளிடம் இல்லை.

உதிரி சாமான் வாங்க அலோர் ஸ்டாருக்கு பஸ் ஏறிப் போவாள். கடைக்காரன் அவளைப் பார்க்காமல், பின்னால் எந்த ஆம்பளை வருகிறான் என்று அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான். "மிஷின் என்னுது. என்னைப் பார்த்துப் பேசு" என்பாள். பெண்டாங்கில் ஒரு நெல் ஆலைக்குப் பின்னால் மழையில் கிடந்ததை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தபோது, கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான். "கைப்பிள்ளைக்கு எந்த ஊருலே லா டிக்கெட்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு மிஷினுக்கும் பேர் உண்டு. அரைமணி நேரம் புகையைக் கக்கிவிட்டு, அப்புறம்தான் வேலை செய்யலாமா என்று யோசிக்கிற மஞ்சள் மிஷினுக்குக் கிராணி என்று பேர். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுகிற பெரிய கிராணி தர்மலிங்கத்துக்கு இந்த விஷயம் தெரியும். அதை அவர் மறக்கவும் இல்லை.

எழுபத்தொன்பதில் ஒரு திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் வேலைக்குப் போகும் முன் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்த பிறகு, தர்மலிங்கம் ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஒன்பதாம் நம்பர் காடு என்கிற தோட்டப் பகுதியில் மரங்கள் கிழடாகிவிட்டன. வெட்டிச் சாய்த்துக் கன்று நடப் போகிறார்கள். அந்தக் காட்டில் மரம் சீவுகிற பதினெட்டுக் குடும்பத்துக்கும் இனி வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு வீடும் இல்லை. மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி பண்ண வேண்டும். கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் இதை வாசித்து முடித்தார் மனுஷன்.

அகத்தாவும் அவள் புருஷன் பெர்னார்டும் அந்தப் பதினெட்டில் ஒரு குடும்பம். மற்றவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அகத்தா முன்னால் வந்தாள்.

"மரத்தை வெட்டப் போறது யாரு, கிராணியாரே?"

"டவுன் குத்தகைக்காரன். வேற யாரு?"

"நாங்க வெட்டுறோம். எட்டு மாச வேலை அது. அப்புறம் கன்னு நட ஆள் வேணும், புல்லு வெட்ட ஆள் வேணும். நாங்க எங்கேயும் போக வேண்டியதில்லை."

"எதாலே வெட்டுவே? பால் கத்தியாலேயா?"

களத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சத்தத்தில் ஆபீசுக்குள்ளிருந்து தோட்ட மேனேஜரான துரை வெளியே வந்தார். வெள்ளைக்காரர் போய் மலாய்க்காரர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. துரை என்கிற பேர் மட்டும் போகவில்லை, மலாயில் துவான் என்றாலும் அதே துரைதான். அகத்தா மலாயில் அவரிடமே கேட்டாள். மிஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேலையை எங்களுக்குக் கொடுங்கள் என்றாள். துரை அவளை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டு முடிவதற்குள் ஆறு செயின்சா ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஓடினால் குத்தகையும் உங்களுக்கு, வீடும் உங்களுக்கு என்றார். சொல்லும்போது அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. இருக்கட்டுமே!

அந்த ஒரு வாரம் அகத்தா சோறு தின்றாளா என்று கேட்டால் பெர்னார்டுக்கே தெரியாது. பதினேழில் தேறுகிற ஆறைப் பொறுக்கினாள். ஒன்றின் பல்லை உருவி இன்னொன்றுக்கு, இன்னொன்றின் பொறி தருகிற காயிலை உருவி மற்றொன்றுக்கு என்று மாட்டினாள். பாலிங் பக்கம் பலகைக் காட்டில் நாலு வருஷம் பெரிய மரம் சாய்த்த இருளப்பன், எப்படி நிற்க வேண்டும், மரம் சாய எந்தப் பக்கம் வாய் வெட்ட வேண்டும் என்று அகத்தா, செல்லாயி முதலாக மிஷின் பிடிக்கப் போகிற மற்ற ஐந்து பேருக்கும் காட்டினான். ஞாயிறு மத்தியானம் ஆறும் ஓடின. அகத்தா ஆறையும் துடைத்து, பெட்ரோலும் எண்ணெயும் கலந்து நிரப்பி, வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அந்த நேரம்தான் பெர்னார்டின் அக்கா கேதரின், புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயில் திருவிழாவிலிருந்து வந்து இறங்கினாள். மிஷின்களுக்கு முன்னால் முழங்கால் போட்டு உருக்கமாக ஜெபம் பண்ணினாள். நல்ல மனசுக்காரி.

திங்கட்கிழமை காலை ஆறு மிஷினும் களத்துக்கு வந்தன. இருளப்பன் முதல் கயிற்றை இழுத்தான். மிஷின் பேசவில்லை. மறுபடி இழுத்தான், பத்துத் தடவை இழுத்தான். இரண்டாவதும் பேசவில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் அப்படியே. தர்மலிங்கத்தின் முகத்தில் தீபாவளி வந்துவிட்டது. கடைசியாகச் செல்லாயி அந்த மஞ்சள் கிராணியை இழுத்தாள். அது நாலு தடவை இருமி, புகையைக் கக்கி, ஓட ஆரம்பித்தது. யாரும் நம்பாதது ஓடுகிறது. நம்பின ஐந்தும் படுத்துவிட்டன.

"ஆறுலே ஒண்ணு," என்றார் தர்மலிங்கம். "போதும் கூத்து. எல்லாரும் காட்டுக்குப் போங்க."

 பதினெட்டு வீடும் அகத்தாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவள் கிராணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பெரட்டு முடியறதுக்குள்ளேன்னுதான் துரை சொன்னாரு. ஆள் கலைஞ்சாதானே பெரட்டு முடியும்? யாரு கலைஞ்சா?"

ஒருத்தரும் கலையவில்லை. ஒன்பதாம் நம்பர் காட்டுக்காரர்கள் மட்டுமில்லை, வேலை பத்திரமாக இருந்த மற்ற காட்டுக்காரர்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் குறையும். அது தர்மலிங்கத்துக்கும் தெரியும், துரைக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். தர்மலிங்கம் கத்திப் பார்த்தார், பேரைச் சொல்லி மிரட்டிப் பார்த்தார். மருதம்மாள் என்ற கிழவி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகத் தரையில் உட்கார்ந்தாள். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டார்.

அகத்தா மண்ணில் உட்கார்ந்து முதல் மிஷினின் பிளக்கைக் கழற்றினாள். ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தாள், பெட்ரோல் வாசமே இல்லை. டாங்கியிலிருந்ததை ஒரு மங்கில் ஊற்றினாள். சிவப்புக் கலவைக்கு அடியில் தண்ணீர், முட்டை முட்டையாக உருண்டது.

"எவன்டா தண்ணி ஊத்தினவன்?" என்று இருளப்பன் தர்மலிங்கத்தைப் பார்த்துக் கையை முறுக்கினான்.

கூட்டத்துக்குள்ளிருந்து கேதரின் அழுதுகொண்டே வந்தாள். கையில் காலிப் போத்தல்.

"தீர்த்தம் அகத்தா! அன்னம்மாள் கோயில் தீர்த்தம். மேலே தெளிச்சா பத்தாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் வாயிலே ஊத்துனேன். அஞ்சுக்குத்தான் வந்துச்சு. இந்த மஞ்சளுக்குப் பத்தலே."

களத்தில் ஒவ்வொருத்தராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரோ மலாயில் சொன்னதும் துரைகூடச் சிரித்துவிட்டார். அகத்தாவுக்கு நாத்தனாரைக் கடித்துக் குதற வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கேதரினின் முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"சாமிக்கும் மிஷினுக்கும் சண்டை இல்லக்கா. தண்ணிக்கும் பெட்ரோலுக்கும்தான் ஆகாது. அழாதே, அந்தத் துணியை எடு."

ஐந்து டாங்கியையும் கவிழ்த்தாள். ஐந்து கார்பரேட்டரையும் பிரித்தாள். பழைய பழக்கம்தான், வரிசையாக மங்கு, மங்குக்கு ஒரு திருகாணி. கேதரின் துடைக்க, செல்லாயி வாயால் ஊத, பெர்னார்ட் புதுக் கலவையைச் சுமந்து வந்தான். நான்காவது மிஷினில் உள்ளே இருந்த மெல்லிய ரப்பர்த் தகடு கிழிந்துவிட்டது. தர்மலிங்கம் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தார்.

"இனி டவுனுக்குப் போய்தான் வாங்கணும்," என்றார்.

"நீங்க போங்க. எனக்கு வேணாம்," என்றாள் அகத்தா. பக்கத்தில் வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். கோழி கொடுத்து வாங்கின குப்பைகளிலிருந்து ஐந்து வருஷமாகக் கழற்றிச் சேர்த்த சாமான், எல்லாம் துணியில் சுற்றி வைத்தது. மூன்றாவது பொட்டலத்தில் அந்தத் தகடு இருந்தது.

வெயில் களத்தில் பாதி வரைக்கும் வந்துவிட்டது. ஆறு பேரும் மிஷினைத் தரையில் அழுத்தி, கால் வைத்து, கயிற்றைப் பிடித்தார்கள். அகத்தா தலையை ஆட்டினாள். ஆறும் பிடித்துக்கொண்டன. ஆபீஸ் தகரக் கூரை அதிர்ந்தது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். தர்மலிங்கம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரட்டு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பார். ஒரு எழுத்துக்கூட யாருக்கும் கேட்கவில்லை. அகத்தா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் மிஷினை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

துரை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உள்ளே போய்க் குத்தகைத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். தர்மலிங்கம் எழுதிக் கொண்டுவந்தார். அகத்தா எட்டிப் பார்த்தாள். பேர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷில் பெர்னார்ட் என்று இருந்தது.

"இது யாரு?"

"உன் புருஷன்தானே? பொம்பளை பேருலே குத்தகை எழுதற வழக்கம் இந்தத் தோட்டத்துலே இல்லே."

பெர்னார்ட் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்குக் கோழி வளர்க்கத்தான் தெரியும் கிராணியாரே. என்னை விட்டுடுங்க."

அகத்தா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். எண்ணெய்க் கையோடு பெர்னார்ட் பேரை ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேலே, தமிழில், பெரிது பெரிதாகத் தன் பேரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

தர்மலிங்கத்தின் முகம் கறுத்தது. "துரைக்குத் தமிழ் படிக்க வராது. இது செல்லாது."

துரை தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன பேர் என்று மலாயில் தர்மலிங்கத்தையே கேட்டார். தர்மலிங்கம் தாளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அகத்தா, துவான்."

துரை தன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க கிராணியாரே," என்றாள் அகத்தா. "பின்னாலே நிக்கிறவங்களுக்குக் கேக்கலே."