தையல் தெரிந்த தாள்

அண்ணன் செத்த ஐந்தாம் நாள், ஸ்டுடியோ முதலாளி சோதித்துப் பார்க்கச் சொன்ன மூன்று வகைப் புது இங்க்ஜெட் தாள்களிலும் அவன் படத்தையே கறுப்பு வெள்ளையில் அச்சடித்தேன். சுவரில் மாட்ட அண்ணிக்கு ஒன்று வேண்டும். மை காயும்வரை காத்திருந்தேன். மூன்றாவது தாளில்தான் கறுப்பு நன்றாக இறங்கியிருந்தது. ஸ்டுடியோவுக்கு வந்த அண்ணியிடம் அதை நீட்டினேன்.

“இதுதான் அண்ணி. கறுப்புன்னா இதான் கறுப்பு.”

“உங்கண்ணன் என்ன கரிமூட்டையா தம்பி? மூட்டை தூக்கித் தூக்கி தோள்ல கிழிஞ்ச சட்டை அது. நான்தான் தச்சுக் குடுத்தேன். அந்தத் தையல் எங்க?”

அதில் சட்டை முழுக்க ஒரே இருட்டு. கறுப்பு வெளுத்திருக்கிறதென்று நான் ஒதுக்கி வைத்த முதல் தாளில் தையல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அண்ணி விரலை நீட்டினாள்.

“தொடாதீங்க, கை ஈரம் பட்டா மை அழிஞ்சிடும்” என்றேன்.

பெரிதாக அடிக்க, அந்த முதல் வகையிலேயே ஒரு புதுத் தாளை மெஷினில் செருகினேன்.